மிசே காத்த பார்

மிசேக்கு நீச்சல் தெரியாது. பெம்பாத் தீவின் அந்த ஊரில் பெண்கள் யாருக்குமே தெரியாது, தேவைப்பட்டதில்லை. அமாவாசை, பௌர்ணமியில் கடல் உள்வாங்கும்போது பவளப் பார் மேல் நடந்துபோய், பொந்துக்குள் கம்பியை விட்டு எட்டுக்கைப் பேய்க்கணவாயை இழுத்தெடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. புருஷன் மொம்பாசாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, மிசே அந்தக் கணவாயை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்.

கரைக்கு வரும் கணவாயை நிறுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று மீன்துறைக்காரர்கள் கேட்டபோது, ஊர் மீன்பிடிக் குழுவின் தலைவன் ஷாமே அவளைக் கைகாட்டினான். அவன் அவளுடைய அண்ணன். நிறுத்துக்கொண்டே வந்ததில் கணவாய் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப்போவது தெரிந்தது. மூன்று மாதம் யாரும் இறங்காமல் பாரை மூடி வைத்தால் குஞ்சுகள் பெருத்துவிடும் என்றார்கள். மிசே நம்பினாள். வீடு வீடாகப் போய் மற்ற பெண்களையும் நம்பவைத்தாள்.

ராயா மட்டும் மசியவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். வீடு நிறையப் பிள்ளைகள்.

"மூணு மாசம் பிள்ளைங்களுக்கு என்னத்தப் போடட்டும், மிசேக்கா? உங்க தராசையா?"

"மரவள்ளியப் போடு. திறக்கிற அன்னிக்கு நீ தூக்கமாட்டாமத் தூக்கிட்டு வருவ. என் வாக்கு."

"உங்க வாக்க உப்புப் போட்டு அவிச்சா வேகுமா?" என்று சிரித்தாள் ராயா. ஆனாலும் கம்பியைக் கூரையில் செருகிவிட்டாள்.

காவல் முறையை ஷாமே வகுத்தான். கடல் வற்றும் நாட்களில் பெண்கள் இருவர் இருவராகக் கரையில் உட்கார வேண்டும். பாதிப் பிறை நாட்களில் பார் மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். "அப்ப எவ போகப்போறா? வீட்டுல படுத்துத் தூங்குங்க," என்றான். சரியென்றுதான் பட்டது. நடக்க முடியாத பாருக்கு யாராவது போவார்கள் என்பது நடந்தே பிழைத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒருநாள் ராயா கம்பியோடு இறங்கப் போனாள். மிசே கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். அன்று ராயா சிரிக்கவில்லை.

திறப்பு நாளில் அதிகாரிகள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் பாட்டோடு பாருக்குள் இறங்கினார்கள். கணவாய் குடியிருந்தால் தின்ற நண்டின் ஓடு பொந்து வாசலில் கிடக்கும். ஓடு இல்லை, மணல் மூடியிருந்தது. பொந்துகளின் விளிம்பு உடைந்திருந்தது. பெண்களின் கம்பி கல்லை உடைக்காது. உடைப்பது முகமூடி போட்டு முக்குளிப்பவர்களின் ஈட்டி. அந்த ஊரில் முகமூடியும் ஈட்டியும் ஷாமேயின் படகில்தான் இருந்தன.

மிசே படகடிக்குப் போனாள்.

"அண்ணே, பாதிப் பிறையில படகு எங்க போச்சு?"

"மெல்லப் பேசு, ஆபீசருங்க இருக்காங்க. நா எடுக்கலேன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்."

"அப்புறம் எங்கள எதுக்குக் காவல் வச்ச?"

"நீங்க உக்காந்திருந்ததாலதான அடுத்த ஊர்ப் பொம்பளைங்க இறங்கல." அவன் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "உன் மதினி உனக்கும் தேங்காப்பால்ல வச்சு அனுப்பிச்சாளே. ஆழ்கடல் கணவாய்னு நெனச்சுத் தின்ன. ருசியாத்தான இருந்துச்சு? போ, படகுல ஐஸ்ல கொஞ்சம் வச்சிருக்கேன். அதையும் சேத்து நிறுத்துக் காட்டு."

மிசே படகுப் பக்கம் போகவில்லை. தராசுக்குத் திரும்பினாள். ராயா கூடையைக் கவிழ்த்தாள். உள்ளங்கையளவில் இரண்டு விழுந்தன. மிசே நிறுத்து, எடையை உரக்கச் சொன்னாள்.

"நம்ம பாரு குடுத்தது இவ்வளவுதான். மிச்சத்தப் பாதிப் பிறையில எங்க அண்ணன் படகு வாரிட்டுப் போயிருச்சு."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குத் தங்கச்சியே கிடையாது," என்று மணலில் துப்பினான் ஷாமே.

ராயா அந்த இரண்டையும் கூடையில் எடுத்துப் போட்டாள்.

"நீங்க திருடல, மிசேக்கா. அது எனக்குத் தெரியும். ஆனா நா உங்க அண்ணனையா நம்புனேன்?"



பாருக்குப் போகும் பெண்கள் வழியில் ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு போவது வழக்கம். அடுத்த வற்றத்தில் மிசேயின் வாசலைப் பேசாமல் கடந்தார்கள். அவள் கம்பியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தாள்.