மடியில் டைம் பாம்

படத்துக்காக நான் செய்த டைம் பாமைப் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை வடபழனியில் பஸ் ஏறினேன். லஸ்ஸில் ஷூட்டிங்.

பாண்டி பஜார் நெரிசலில் டிரைவர் இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் டிக் டிக் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து சீட்காரர் அலறினார். மொத்த பஸ்ஸும் கதவுக்குப் பாய்ந்தது.

கண்டக்டர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பையில இன்னாய்யா கீது?"

"சினிமா பாம் சார். உள்ள வெறும் கடிகாரம்தான்." ஹீரோவின் பெயரையும் சொன்னேன்.

இறங்கி ஓடியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டையை மட்டும் கண்டக்டர் விடவில்லை.

"தலைவரு தப்பிச்சுக்குவாரு இல்ல?" என்று கேட்டார்.

கதைப்படி இந்த பாம் வெடித்துத்தான் தலைவர் சாகிறார்.

"தப்பிச்சுக்குவாரு சார்" என்றேன்.

படம் ரிலீசான பிறகு நான் எந்த பஸ்ஸில் வேலைக்குப் போவது? யாராவது சொல்லுங்கள்.