சோபாவுக்கு அவிழ்ந்த வாழை

விழுப்புரத்தில் இருந்த வாடகை வீட்டின் பின்புறத்தில் எனக்கு ஒரு மரக்கொட்டகை இருந்தது. நானே ஆசாரியைப் பிடித்துக் கட்டிக்கொண்டது. ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். மண்வெட்டி, பூவாளி, உர மூட்டை எல்லாம் அதில்தான். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக்கூடிய ஒரே இடம் அது.

திண்டிவனத்தில் சொந்த வீடு கட்டியதும் முதலில் அளந்தது கேட்டைத்தான். கொட்டகையை அப்படியே தூக்கிப் போனாலும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளந்துவிடும் என்று ஆசாரி சொல்லியிருந்ததால், பிரிக்காமல் மினி லாரியில் ஏற்றினோம்.

வந்து இறங்கினால், கேட்டின் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம். முந்தின நாள் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டியது. அந்த ஒரு சாணையும் அதற்கு மேலும் அவை தின்றுவிட்டிருந்தன.

“ஒரு பக்கம் அவுத்துட்டுக் கட்டிக்கலாங்க” என்றேன் கணவரிடம்.

அவர் வாயைத் திறக்கும் முன் அவருடைய அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். “மூணு நாளிக்கு வாழைய அவுக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவர் வாங்கிக் கொடுத்த சோபா வந்தது. இதே வாழையை அவிழ்த்தார்கள், சோபா உள்ளே போனதும் திரும்பக் கட்டினார்கள். அப்போது குடும்பத்துக்கு ஆகுமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குடம் நாத்தனார் கையில் இருந்தது.

“நேத்து சோபாவுக்கு அவுத்தீங்களே, அண்ணி?”

“அது புதுப் பொருளு. இது பழைய கட்ட.”

லாரிக்காரர் அவசரப்பட்டார். “ஜல்தி சொல்லுங்கக்கா, வளவனூர் லோடு நிக்கிது.”

கணவர் மெல்ல என் பக்கம் வந்தார். “முக்குல டீக்கடைக்காரரு பொட்டிக்கட போடக் கேட்டுக்கினு இருந்தாரு. குடுத்துடலாமே. இன்னா, நாலு பலகதான? இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ற?”

நாலு பலகை! இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு நான் எங்கே போய் உட்கார்கிறேன் என்பதுகூடத் தெரியவில்லை. அக்காவின் பேச்சுக்கு அவர் தலையாட்டுவது பழகிப்போன கோபம். இது புதுக் கோபம்.

அடுக்களை மூட்டையைப் பிரித்து அரிவாள்மணையை எடுத்து வந்தேன். யாரும் தடுக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். கயிற்றை அறுத்தேன். வாழை குலையோடு தெருவில் சாய்ந்தது. எங்கிருந்தோ ஒரு மாடு வந்து இலையை இழுத்தது.

கொட்டகை உள்ளே போனது. பின்புறத்தில், நான் சொன்ன இடத்தில், செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தது. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அண்ணி என் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கணவர் கதவைத் தட்டினார்.

“எல்லாரும் காப்பிக்கு ஒக்காந்துக்கினு கீறாங்க. உள்ள இன்னா பண்ற?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்ப வா.”

“ஒண்ணும் பண்ணாம இருக்கத்தாங்க இதத் தூக்கிக்கினு வந்தேன்.”