இலை அவனுக்கு, காய் அவளுக்கு

அவளை முள்ளம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்ற வில்வ மரத்தின் முள்ளைப் பார்த்து வைத்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், பெயர் வந்தது மரத்தால் இல்லை, வாயால்.

வீட்டின் முன்னறையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தாள். தகர டப்பாக்கள், சாக்குகள், ஒரு தராசு, ஒரே ஒரு முக்காலி. அந்த முக்காலியும் அவளுக்குத்தான். வருகிறவர்கள் நின்றபடி, சுருக்கமாகப் பேச வேண்டும். "வயிறு சரியில்லம்மா" என்று யாராவது இழுத்தால் போச்சு. "சரியில்லன்னா? போகுதா, போகலையா? அதை முதல்ல சொல்லு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பாள். வந்தவர் கூனிக் குறுகிப் போவார்.

ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வில்வக் காய் வயிற்றுப்போக்கை நிறுத்தும். அதே காயைப் பழுக்க விட்டால், பழம் கட்டிய வயிற்றை இளக்கும். அவள் விற்றது காயை. ஓடு பச்சையாக இருக்கும்போதே பறித்து, வழுக்கும் ஓட்டை வெட்டுக்கத்தியால் பிளந்து, வட்டம் வட்டமாக நறுக்கிக் காயவைப்பாள். கடையில் வேறு என்னென்னவோ இருந்தாலும் ஆட்கள் தேடி வந்தது அந்த வில்லைகளைத்தான்.

மரத்துக்கு இன்னொரு பங்காளியும் இருந்தான். அவள் கொழுந்தன், பூக்கட்டுகிறவன். பக்கத்து வீடு அவனுடையது. பின்முற்றம் இருவருக்கும் பொது. கோயிலுக்கு மாலையோடு வில்வ இலையும் அவன்தான் கொடுத்துவந்தான். சாமிக்குப் போகிற இலை என்றால் மூன்று இதழும் ஒரே காம்பில் சேர்ந்திருக்க வேண்டும், பூச்சி அரித்திருக்கக் கூடாது, கிழிந்திருக்கக் கூடாது. மாமியார் கண்ணை மூடும் முன், "இலை சின்னவனுக்கு, காய் பெரியவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாகப்பிரிவினை என்று அந்த அம்மாள் செய்தது அது ஒன்றுதான். அதையும் அரைகுறையாகச் செய்தார். கிளை யாருக்கு, வேர் யாருக்கு என்று சொல்லவில்லை.

வினை அங்கேதான் இருந்தது. நல்ல தளிர் வேண்டுமென்றால் கிளையைக் கழிக்க வேண்டும். காய் வேண்டுமென்றால் கிளையில் கை வைக்கக் கூடாது, பூத்துக் காய்த்து முற்றக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். முள்ளம்மாவின் கணவன் இருந்தவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் இந்தப் பக்கம் கழி, அடுத்த வருஷம் அந்தப் பக்கம்" என்று தம்பியிடம் சொல்வான். பொண்டாட்டி முணுமுணுத்தால், "உனக்குத்தான் அந்தப் பக்கம் இருக்கே" என்பான். நல்ல மனுஷன். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதோடு ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

காரியம் முடிந்த கையோடு கொழுந்தன் முற்றத்தின் குறுக்கே இடுப்புயரச் சுவர் எழுப்பினான். மரம் நடுவில் நின்றதால் அதற்கு மட்டும் இடைவெளி விட்டான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது, ஏச்சு மட்டும் நடந்தது. இலை பறிக்கும்போது ஒரு காய் உதிர்ந்தாலும் முள்ளம்மா அதை எடுத்து அவன் வாசலில் வீசுவாள். காய் பறிக்கும் அவள் தொரட்டி பட்டுத் தளிர் கிழிந்தால் அவன் அதைப் பொறுக்கி அவள் கடைப் படியில் வைப்பான்.

மகளின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போன மாதம் அது நடந்தது. திரும்பி வந்து பின்கதவைத் திறந்தாள். மரம் மொட்டையாக நின்றது. இரண்டு பக்கமும் கழித்திருந்தான். பறிக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்த காய்கள், எல்லாம் போயிருந்தன. சுவரோரம் போய் நின்று கத்தினாள்.

"ஏன்டா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? என் காயெல்லாம் எங்கடா?"

கொழுந்தன் சுவருக்கு அந்தப் பக்கம் தன் பூக்கொட்டகையில் உட்கார்ந்து நாரைக் கிழித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "இலை என் பங்கு அண்ணி. இலை கிளையிலதானே இருக்கு? ஆகாசத்திலயா இருக்கு?"

"உங்க அண்ணன் இருந்திருந்தா இப்படிச் செய்வியா?"

"அண்ணன் இல்லையே."

அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காய் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். உள்ளே போனவள் கடப்பாரையோடு வந்தாள்.

"கிளை உன்னுதுன்னா வேர் என்னுது. வேரும் மருந்துதான்டா. விக்கும்!"

தோண்டினாள். தன் பக்கத்து மண்ணைப் பெயர்த்து, வேரை அறுத்து, சாக்கில் போட்டாள். முதல் நாள் மருந்துக்காகத்தான் தோண்டினாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தோண்டியதெல்லாம் கோபம். கடையில் அவ்வளவு வேரை வைக்க இடமே இல்லை. ஓரகத்தி சுவரோரம் வந்து நின்று, "அக்கா, பச்சை மரம்க்கா, சாமி மரம்க்கா" என்று கையைப் பிசைந்தாள். "உன் புருஷன் வெட்டினப்போ சாமி எங்க போயிருந்தது?" என்று கேட்டாள் முள்ளம்மா. ஓரகத்தி உள்ளே போனாள். கொழுந்தன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போதும், நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்பு பிடித்தவன்.

காற்றும் மழையுமாக இருந்த ஒரு மத்தியானம் மரம் சாய்ந்தது. அவள் பக்கம் பிடிப்பு இல்லாததால் அவன் பக்கம் விழுந்தது. பூக்கொட்டகை அப்பளமாக நொறுங்கியது. ஆட்கள் உள்ளே இல்லாதது யார் செய்த புண்ணியமோ. சத்தம் கேட்டு ஓடிவந்த முள்ளம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் சுவரின் இடைவெளி வெறுமையாக, வானம் தெரிய இருப்பதைப் பார்த்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் நிற்கும் இடம் அது. கடையைச் சாத்திவிட்டு, சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கொழுந்தன் மரத்தை அறுத்து அடுக்கினான். இலையை வேறெங்கோ போய் வாங்கிவந்தான். இவள் கடையில் வில்லை டப்பா காலியானது. அடுத்த மழைக்குப் பின், துணி துவைக்கும் கல்லோரம், அவள் அறுத்துவிட்ட வேரின் நுனியிலிருந்து ஒரு கன்று கிளம்பியது. விரல் நீளம்தான் இருக்கும், அதற்குள் முள் வந்துவிட்டது. முள்ளம்மா குதிக்காத குறை. முழுக்க முழுக்க அவள் மண். இலை, காய், கிளை, வேர் எல்லாம் அவளுக்கே! இதை அவன் வயிறு எரியச் சொல்லாமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்குமா?

இடைவெளியில் போய் நின்றாள். "டேய்! என் பக்கம் முளைச்சிருக்கு. இனிமே ஒரு இலைக்கு நீ என் கால்ல விழணும்."

கொழுந்தன் எழுந்து வந்தான். கன்றை நிதானமாகப் பார்த்தான்.

"இலை சீக்கிரம் வந்துடும் அண்ணி. ஆனா காய் பிடிக்க ஏழெட்டு வருஷம் ஆகும். உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அறுபது எப்போதோ தாண்டிவிட்டது, முட்டியில் வலி, படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவள் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கன்று கொடுக்கப்போவதெல்லாம் இலைதான், அவன் பங்குதான். முள்ளம்மா விருட்டென்று திரும்பினாள். உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்தாள். கன்றின் முன்னால் குந்தினாள். கத்தி கையிலேயே இருந்தது, வெகுநேரம்.

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துவைக்கிற வாளியில் இருந்த நல்ல தண்ணீரை ஊற்றினாள்.

"ஏழெட்டு வருஷம்தானே? இருந்து காட்டறேன்டா. உன் கையால மாலை வாங்கிட்டுப் போவேன்னு பாத்தியா?"

அன்றிலிருந்து அவள் உயிர் வாழ்வதையே ஒரு வேலையாகச் செய்தாள். ஊருக்கெல்லாம் கொடுத்த கஷாயத்தை முகம் சுளித்துக்கொண்டு தானும் குடித்தாள். டாக்டரிடமும் போனாள், அவரையும் திட்டிவிட்டு அவர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். காலையில் கடை திறக்கக் கொஞ்சம் பிந்தினால் இடைவெளியில் குரல் கேட்கும்: "அண்ணி! இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

"உன்னை அனுப்பிட்டுத்தான்டா போவேன்!" என்று இவள் கத்திய பிறகுதான் அவன் பூக்கூடையைத் தூக்குவான். அவனும் கிழவனாகிக்கொண்டிருந்தான். இலை கேட்டு ஒரு நாளும் வரவில்லை. இவளும் கொடுக்கவில்லை. மூன்றிதழ் இலைகள் அப்படி அப்படியே முற்றி, பழுத்து, கல்லோரம் உதிர்ந்தன. சுவரின் இடைவெளியை மட்டும் அவன் ஏனோ அடைக்கவில்லை.

ஏழாவது வருஷம், போன கோடையில் ஒரு காலை, பல் தேய்க்கப் பின்கதவைத் திறந்தவளுக்கு ஒரு வாசனை வந்தது. இலைச் சந்தில் வெளிர்பச்சைப் பூக்கள், சின்னதாக, கொத்தாக. வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னால் புரிகிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் மிச்சம்.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது.

"அண்ணி, பூத்திருக்கா?"

"இல்ல" என்றாள் முள்ளம்மா.

பூக்கட்டுகிறவன் மூக்கிடம் போய் அப்படிச் சொன்னாள். அவன் காற்றை ஒரு தடவை மோந்து பார்த்தான்.

"பூத்தா ஆச்சா? காய்க்கணும்ல. இன்னும் ஒரு வருஷம் கிடக்கு."

"நான் இருப்பேன். நீ இருப்பியா, அதைப் பாரு முதல்ல."

"பாக்கறேன்" என்றான் அவன். இருமிக்கொண்டே கூடையைத் தூக்கினான். இருமல் ஒரு மாதிரி இருந்தது. மறுநாள் காலை சுவர் இடைவெளியில் ஒரு செம்பு கஷாயம் மூடி போட்டு இருந்தது.