இருபது கட்டில், முப்பத்தொரு பேர்

முனியாண்டியைப் புதைத்துவிட்டு அக்கராயன் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். என்னோடு ஒரே லொறியில் மலையிலிருந்து வந்தவன் அவன். ஆஸ்பத்திரி வேலைக்குத் தந்த காக்கிக் காற்சட்டையை மடித்து அங்கே வாங்குப் பலகையில் வைத்துவிட்டேன். நான் போவதை யாரும் கேட்கவில்லை. வன்னியில் அது எனக்கு இன்னும் புதிது. தோட்டத்தில் ஒருவன் வராவிட்டால் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், பெரட்டுக்கு முதல் நாளே கங்காணி சரிவையும் கொழுந்தையும் பார்த்து, நாளைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஒரு ஆளின் ஒருநாள் முழு வேலை ஒரு பேர், பாதி வேலை அரைப் பேர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தபோது என்னிடம் இருந்த படிப்பு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. மாரி மழைக்குப் பிறகு மலேரியா வந்தது. அது ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கும். இன்று நடுங்கியவர் நாளை எழுந்து கஞ்சி குடிப்பார், மறுநாள் திரும்ப விழுவார். கூட்டும்போதே எண்ணிவைத்தேன். எழுந்து நடப்பவரின் வேலை அரைப் பேர், நடுங்குபவரின் வேலை இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை தாதியிடம் சொன்னேன்.

“வியாழக்கிழமைக்கு முப்பத்தொரு பேருங்க மிஸ்ஸி.”

“கட்டில் இருபதுதானே? மிச்ச ஆக்களை உம்மட தலையிலயோ படுக்க வைக்கிறது?”

விளக்கினேன். மிஸ்ஸி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னோடு கட்டில் கட்டிலாக நடந்தார். வியாழக்கிழமை இரண்டாவது மிஸ்ஸியை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று கந்தோருக்கு எழுதினார். கிளாக்கர் வந்து பதில் சொன்னார்.

“இருபது கட்டிலுக்கு ஒரு மிஸ்ஸி காணும். தோட்டக்காட்டான்ர கணக்கை இஞ்ச கொண்டு வராதேங்கோ.”

வியாழன் மத்தியானம் பதினான்கு கட்டில்கள் ஒன்றாக நடுங்கின. ஒரே மிஸ்ஸி ஓடிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். நடுங்கிய கட்டில் ஒன்றிலிருந்து காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு எழும்பிய முனியாண்டி சீமெந்துத் தரையில் தலையடிக்க விழுந்தான். வாளியோடு வந்தபோது மூச்சில்லை.

“நீர் சொன்னனீர். நான் எழுதினனான். ஒண்டும் உதவேல்லை” என்றார் மிஸ்ஸி.

அவனைப் புதைத்துவிட்டு நடந்த களைப்பில் அக்கராயனில் ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய கமக்காரர் ஒருவர் களை பிடுங்க ஆள் தேடி வந்தார். தோட்டத்தில் வேலை செய்தவன் என்றேன், வயலுக்குக் கூட்டிப்போனார்.

“தோட்டத்தில நிண்டனீர் எண்டால் உமக்குத் தெரியும்தானே. இண்டைக்கே முடிக்க எத்தினை பேர் வேணும்?”

வரம்பில் ஒரு சுற்று நடந்தேன். நெல்லைவிடக் கோரை அடர்ந்திருந்தது.

“பதினோரு பேருங்க.”

அவர் உடனே மற்றப் பத்துப் பேரைக் கூட்டிவரச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் சேற்றில் இறங்கினேன்.