பன்னிரண்டு வாரத்தில் நடந்துவிட்ட லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரரின் வலது காலும் வலது கையும் செத்து இரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டே வாரத்தில் அவரை எழுப்பி நடக்கவிட்டார்கள் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். கால் இன்றுவரை அசையவில்லை. நடந்ததெல்லாம் பேப்பரில்.

முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினார். ஓட்டினார் என்பது அவர் சொல்வது. இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார் என்று நான் சொல்வேன். பெரிய சர்ஜன்கூட தனக்காகக் காத்து நின்றார் என்ற நினைப்பு ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குத் தெளியவில்லை. ஒருவரின் செருப்பைப் பார்த்தே எந்த மாடிக்குப் போகிற ஆள் என்று சொல்லிவிடுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், உலகத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டே பேசுகிறார்கள், அந்த மாதிரி ஆளோடு குடித்தனம் நடத்த முடியாது என்பார்.

பக்கவாதம் வந்தபோது பேச்சு மட்டும் தப்பித்துக்கொண்டது. அதுவும் போயிருந்தால் அவர் தங்கைக்குப் பாதி வேலை மிச்சம்.

தங்கை, புருஷனை இழந்தவள், அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வீட்டுப் பராமரிப்பு மையம் என்னை அங்கே வாரத்தில் ஆறு நாள், ஆறரையிலிருந்து எட்டரை வரை அனுப்பியது. அவரைப் புரட்டித் துடைத்து, முதுகையும் குதிகாலையும் பார்த்து, உடுத்தி, சக்கர நாற்காலிக்கு மாற்றி, கஞ்சி கொடுத்து, மாத்திரை போட இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். நான் உள்ளே நுழைந்தால் அவள் வெளியே ஓடுவாள். நான் நுழையாவிட்டால் அவள் வேலை போகும். அந்தக் குடும்பமே அந்த இரண்டு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மையத்துக்கும் ஒரு கல்லூரிக்கும் ஏதோ ஏற்பாடு. சமூகப் பணி படிக்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து சேவை செய்து மார்க்கு வாங்க வேண்டும். எங்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் வாய்த்தார்கள். ஏழரைக்கு வரச் சொன்னால் எட்டுக்கு வந்தார்கள். பையன் மூத்திரப் பாத்திரத்தைக் கண்டதும் ஜன்னல் பக்கம் போய் வெளியே எதையோ ஆராய்ந்தான். லிஃப்ட்காரர் அவனுக்கு அன்றைக்கே ‘படிக்கட்டு’ என்று பெயர் வைத்தார். அவசரக்காரன், லிஃப்ட்டுக்கு நிற்க மாட்டான் என்று அர்த்தம். பெண் ‘நாலாவது மாடி’. ஆஸ்பத்திரியில் அதிகாரிகள் உட்காரும் மாடி அது. எனக்கு ஏற்கெனவே ‘சரக்கு லிஃப்ட்’ என்று வைத்திருந்தார். நான் அவரைத் தூக்கி இறக்குவதால் அதில் தப்பு சொல்ல முடியாது.

முதல் நாள் நாலாவது மாடி அவருக்குச் சட்டை போட்டாள். நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, விழுந்த கையைப் பின்னால் வளைத்து இழுத்தாள்.

“செத்த கைதான் முதல்ல போகணும்,” என்றேன். “கழட்டறப்ப அது கடைசி. தோள்பட்டை கழண்டா உன் காலேஜா வந்து மாட்டும்?”

“சாரி மேடம்,” என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதோடு சரி. மறுவாரமும் நல்ல கையைத்தான் பிடித்தாள்.

அவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் ‘முன்னேற்றம்’ என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விடக் கூடாது. போன வாரம் எழுதியதையே எழுதவும் கூடாது. முதல் வாரம் அவள் உண்மையாக ‘மாற்றமில்லை’ என்று எழுத, அவளுடைய பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாராம். பக்கவாதம் வந்த அறுபத்தெட்டு வயது மனிதர் செமஸ்டர் கால அட்டவணைப்படி தேற வேண்டும் என்று படித்தவர் ஒருவர் எதிர்பார்த்தார்.

இரண்டாம் வாரம் இருவரும் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிவரை இழுத்துப் போனார்கள். வலது கால் விரல்கள் தரையில் தேய்ந்துகொண்டே வந்தன. நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் அவள் எழுதிவிட்டாள்: ‘பயனாளர் ஆதரவுடன் ஐந்து அடி நடந்தார்.’

மூன்றாம் வாரம் ஏழு. அடுத்த வாரம் பத்து. ஒரு கட்டத்தில் ‘ஆதரவுடன்’ காணாமல் போனது. பெண் பொய்யைக்கூட அளந்துதான் சொன்னாள், திடீரென்று ஐம்பதுக்குத் தாவவில்லை. படிக்கட்டு அவளைப் பார்த்துக் காப்பி அடித்தான், அதையும் தப்பாக.

இதில் பெரிய கூட்டாளி யார் என்றால் லிஃப்ட்காரர்தான்.

“என்னம்மா எழுதின, படி,” என்பார்.

“‘பயனாளர் தானாகப் பதினாறு அடி எடுத்து வைத்தார்.’”

“பதினெட்டுன்னு போடு.”

“அடுத்த வாரத்துக்கு வேணும் ஐயா.”

“சரி, பதினாறே இருக்கட்டும். கம்பீரமான்னு சேத்துக்கோ.”

அவளும் சேர்த்தாள். கம்பீரமாக. அப்போது அவர் இடுப்பில் டயப்பர் இருந்தது, அதைக் கட்டியவள் நான்.

வேலைக்கு லீவு போட்டிருந்த ஒருநாள் தங்கை இதைக் கேட்டுவிட்டு, “அண்ணே, கடையில போய் சோப்பு வாங்கிட்டு வரியா, ரெண்டு வீடு தள்ளித்தான்,” என்றாள். அவர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் மையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். லிஃப்ட்காரர் அகராதியில் அவர் ‘தரைத்தளம்’. மேலே போகாமல் அங்கேயே நிற்கிற ஆளுக்கு லிஃப்ட் எதற்கு என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாருக்கு எத்தனை மணி நேரம் உதவி தேவை என்று மறு ஆய்வு செய்வது அவர் வேலை. மாணவர்களின் அறிக்கைகள் எல்லாம் அவர் கோப்பில் அழகாகச் சேர்ந்திருந்தன. அவர் கோப்பைப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை.

“ஐயா நடக்கறீங்களாமே?”

நாலாவது மாடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏதோ நடக்கறேன்,” என்றார்.

“எவ்வளவு தூரம்?”

“இருபத்திநாலு அடி.”

“சார், இவர் ஒரு அடிகூட எடுத்து வச்சதில்ல,” என்றேன்.

“அவரே சொல்றாரும்மா. உங்க குறிப்புல ஒண்ணையும் காணோமே.” என் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் ‘வழக்கம்போல்’. எழுபத்தி இரண்டு வழக்கம்போல். உடம்பைத் துடைத்த கையால் கதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பிள்ளைகளோ பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். யாரை நம்புவார்?

“இவள சொல்லச் சொல்லுங்க,” என்றேன்.

நாலாவது மாடி தன் செருப்பைப் பார்த்தாள். “எங்க பார்வையில நல்ல முன்னேற்றம் சார்,” என்றாள். படிக்கட்டு ஏற்கெனவே வாசலில் இருந்தான்.

திங்கட்கிழமையிலிருந்து என்னை நிறுத்தினார்கள். தங்கை தனியாக அவரைத் துடைத்தாள். நாற்காலிக்கு மாற்ற அவளால் முடியாது, அதற்கு முறை தெரிய வேண்டும். அவள் திரும்பி வருகிறவரை ஒரே கிடையாக மல்லாந்து கிடந்தார். நான்கே நாளில் முதுகின் அடி எலும்பில் தோல் சிவந்தது. சலவைப் பிரிவில் மூன்று முறை தாமதம். நாலாவது முறை வந்தால் இஸ்திரி மேசைக்கு வேறு ஆள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் நேராக மையத்துக்கு வந்தாள். வேறொரு வீட்டுச் சாவியை ஒப்படைக்க நானும் அங்கே இருந்தேன். அழுவாள் என்று தரைத்தளம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவள் உட்காரவே இல்லை.

“அடுத்த பேட்ச் பிள்ளைங்க எங்க வீட்டுக்கு எப்ப சார் வராங்க?”

“திங்கக்கிழமைம்மா.”

“வேணாம். அண்ணனுக்குத்தான் சரியாயிடுச்சே. நல்லா இருக்கறவருக்கு எதுக்கு சேவை?”

தரைத்தளத்தின் முகம் மாறியது. பிள்ளைகளை உள்ளே விடும் வீடே ஆறுதான். கல்லூரிக்கு ஆறு வீடு தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா, பேசிக்கலாம்.”

“இந்தம்மா நாளைக்கு ஆறரைக்கு வரணும். வந்தா உங்க பிள்ளைங்க வரட்டும். இல்லேன்னா டயர் கடையில போய் சேவை பண்ணட்டும்.”

பத்து நிமிடம் விதிமுறை பேசிவிட்டு இறங்கி வந்தார். ஆனால் நடக்கிறேன் என்று பயனாளரே சொன்னது கோப்பில் ஏறிவிட்டதாம். முடியாது என்று அவரே கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியுமாம்.

சனிக்கிழமை ஆறரைக்கு நான் போனபோது தரைத்தளம் பேப்பரோடு நின்றார். முடிவு அறிக்கையில் முத்திரை வாங்க வந்த நாலாவது மாடியும் இருந்தாள். பேப்பரில் ஒரே வரி: ‘என்னால் எழுந்து நிற்கவோ நடக்கவோ முடியாது.’

லிஃப்ட்காரர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “இது நான் இல்ல.”

“அண்ணே, போடு.”

“இந்தப் பொண்ணு எழுதினதெல்லாம் அப்ப என்ன, பொய்யா?”

தங்கை தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“மணி ஆறே முக்கால். எந்திரிச்சு வந்து இந்தக் கதவைத் திற. திறந்தா நான் வேலைக்குப் போறேன்.”

கட்டிலிலிருந்து கதவு ஆறு அடி இருக்கும். அவர் கதவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு மார்க்கு குறையுமாம்மா?”

“இல்ல ஐயா. மார்க்கு வந்துடுச்சு.”

அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறின மாதிரி இருந்தது. தங்கை பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தரைத்தளம் காரணம் என்ற இடத்தில் ‘பின்னடைவு’ என்று எழுதி, அந்தப் பெண்ணின் அறிக்கையில் முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு உள்ளே நுழைந்தாளாம். ஐந்து நிமிடம்தானே என்று வேலை தப்பியது. மேற்பார்வையாளர் அவள் மேசையை மட்டும் ஜன்னல் பக்கத்திலிருந்து கொதிகலன் பக்கம் மாற்றிவிட்டார்.

நான் லிஃப்ட்காரரை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சிவந்த இடத்தைக் காற்றாட விட்டேன். முகம் சுவர்ப் பக்கம். எட்டரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் நான் அவ்வளவு சீக்கிரம் வேலை முடித்தது அன்றைக்குத்தான்.