எட்டு ஜோடிச் செருப்பு

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்ததற்கு மகளிடம் நான் கேட்டது ஒரு மிக்சி. வந்தது போனில் ஒரு டிக்கெட். மாசி மாதத்து ஞாயிறு, காலை ஐந்தரையிலிருந்து பதினோரு மணி வரை, இரண்டு பேருக்கு. முதலில் மணல்திட்டில் ஜீப் ஓட்டம், பிறகு கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்து மீன் பார்ப்பது. "அத்தாவும் நீயும் எங்கயும் போறதே இல்லம்மா" என்றாள் பெங்களூரிலிருந்து. கடலுக்குப் பக்கத்தில், முதலியார்பேட்டையில் குடியிருக்கிறவள் கடலைப் பார்க்கக் காசு கொடுப்பாளா என்று நான் கத்தி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் கடைக்குப் போய் அரை டிரவுசர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருடைய செருப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிவாசலில் இரண்டு முறை செருப்பைப் பறிகொடுத்தவர் அவர். அதிலிருந்து எங்கே கழற்றினாலும் ஒன்றை ஒரு மூலையிலும் இன்னொன்றை எதிர் மூலையிலும் வைப்பார். ஒற்றைச் செருப்பை எவனும் திருட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கல்யாண மண்டபம், டாக்டர் கிளினிக், என் அம்மா வீடு, எங்கே போனாலும் இதே கூத்துதான். எங்க அம்மாவா உங்க செருப்பைத் திருடப் போறாங்க என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துப்போனது. அன்றைக்கு அவர் போட்டுக்கொண்டு வந்ததோ பிரான்சிலிருந்து நாத்தனார் கொண்டுவந்து கொடுத்த பழுப்புத் தோல் செருப்பு. கேட்கவா வேண்டும்!

இரண்டு ஜீப்புகள். முன்னால் போனதில் பெங்களூர்க்காரப் பையன்கள் நாலு பேர். பின்னால் வந்ததில் நாங்களும், விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதியும். எங்கள் ஜீப்பை ஓட்டியவர்தான் கைடு. அரியாங்குப்பம் தாண்டி, ஆறு கடலைத் தொடும் இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு உண்டு. தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் ஜீப் சக்கரம் பாதி முங்க ஆற்றைக் கடந்து அதில் ஏறிவிடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் அது தீவு. "ராத்திரி பூரா தண்ணி ஏறிக் கிடந்துச்சு மேடம். இன்னிக்கு இந்த மணல்ல கால் வைக்கறது நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்றார் கைடு. பத்தரைக்குள் திரும்பக் கடந்தாக வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தார்.

பனி அப்படி ஒரு பனி. ஜீப் மணல்மேட்டில் முக்கி முக்கி ஏறும், உச்சியில் ஒரு நொடி நிற்கும், பிறகு எங்கே விழுகிறோம் என்றே தெரியாமல் சரியும். வீட்டுக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பையன் மாதிரி ஓவென்று கத்தினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். இன்ஜின் சத்தம் நின்றபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அலைச் சத்தம்கூட இல்லை. ஒரு காக்கா இல்லை, ஒரு நாய் இல்லை. நம் ஊர்க் கடற்கரையில் நாய் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பைபர் படகோடு ஒருவர் காத்திருந்தார். பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். எல்லோரையும் செருப்பைத் தண்ணீர் ஓரமாகக் கழற்றி வைக்கச் சொன்னார். படகைத் தள்ளுவதற்கு முன்னால் செருப்புகளை மட்டும் ஒரு பார்வை பார்த்து, "எட்டு" என்றார்.

"ஆள எண்ணாம செருப்ப எண்ணுறீங்களே?" என்றேன்.

"கடலுக்குப் போற ஆள வாய்விட்டு எண்ண மாட்டோம்மா. செருப்பத்தான் பாப்போம். கரையில ஒரு செருப்பு கிடந்தா ஆளு இன்னும் தண்ணியில இருக்குன்னு அர்த்தம். அது யாரா இருந்தாலும் படகு திரும்பப் போவும்."

கைடு சிரித்தார். அவரும் முன் ஜீப் டிரைவரும் கரையிலேயே இருப்பார்கள்; கடலுக்குப் போவது நாங்கள் எட்டுப் பேர், எட்டு ஜோடி. எனக்கும் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் தன்னுடையதில் ஒன்றை ஜீப்பில் என் சீட்டுக்கடியில் சொருகியதையும், மற்றொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சவுக்குக் கன்று பக்கமாகப் போனதையும் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வெள்ளை டிரம்மைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். மீன் அடையட்டும் என்று அதற்கடியில் சிமென்ட் கட்டைகளை இறக்கியிருக்கிறார்களாம். மிதவைச் சட்டையோடு இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். பச்சைக் கலங்கல். குழாய் வழியாக என் மூச்சு எனக்கே யாரோ காதில் விடுகிற மாதிரி கேட்டது. கோடு போட்ட சின்ன மீன்கள் போய்க்கொண்டிருந்தன. கட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு காலும் ஊன்றி நிமிர்ந்து நின்றது. பாசி பிடித்திருந்தது. உட்காரும் இடத்தில் மட்டும் பாசி இல்லை.

அதைப் பார்த்ததும் முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டேன். படகைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். புதுப்பெண்ணும் குளிர் தாங்கவில்லை என்று ஏறிவிட்டாள், அவள் புருஷனும் ஏறினான். "நீ போ, நான் அந்தப் பசங்களோட வந்துடறேன்" என்றார் வீட்டுக்காரர். எங்கள் மூவரையும் கரையில் விட்டுவிட்டுப் படகு திரும்பிப் போனது. நான் ஜீப்பில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது முன் ஜீப் கிளம்பி ஆற்றைக் கடந்து போயிருந்தது. பனி இன்னும் கெட்டியாகியிருந்தது.

"அவரு எங்க?"

"சாரு முன்னாடி ஜீப்ல ஏறிட்டாரு மேடம். நான் பாத்தேன். ஏறுங்க எல்லாரும், தண்ணி ஏறுது" என்றார் கைடு.

செய்யக்கூடியவர்தான். முன் சீட்டும் பேச்சுத்துணையும் கிடைத்தால் கட்டின பெண்டாட்டியை மறந்துவிடுவார். போகட்டும், வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று காலை நீட்டினேன். சீட்டுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. பழுப்புத் தோல் செருப்பு. ஒற்றை.

யா அல்லாஹ்! அந்தச் செருப்பை விட்டுவிட்டு அவர் சொர்க்கத்துக்குக்கூடப் போக மாட்டார். போன் போடச் சொன்னேன். சிக்னல் இல்லை. செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி அவர் பழக்கத்தை விளக்கினேன்; ஒன்று இங்கே, ஒன்று செடிக்கடியில், பள்ளிவாசல், திருட்டு என்று என் வாயில் எல்லாம் குழம்பி வந்தது. கைடு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒத்தச் செருப்பு எதுக்குன்னு வெறுங்கால்ல போயிருப்பாரு மேடம்" என்று சாவியைத் திருகினார். புதுமணத் தம்பதி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நங்கூரத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகுக்காரர் அப்போதுதான் கரையேறி வந்தார். வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"இது யாருது?"

தண்ணீர் ஓரத்தில் ஒரு ஜோடி கிடந்தது. நீல வார் வைத்த சாதாரண ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது, ஆம்பிளை அளவு. இரண்டும் ஒட்டி, கடலைப் பார்த்தபடி இருந்தன. புதுமாப்பிள்ளை தன் காலைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினான். பையன்களுடையது என்றால் போட்டுக்கொண்டுதானே போயிருப்பார்கள்? கைடு இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே, "எவனாச்சும் எப்பவோ விட்டுட்டுப் போனதா இருக்கும்" என்றார்.

நான் ஜீப்பிலிருந்து குதித்தேன். "எங்க வீட்டுக்காரருது!" என்றேன்.

பொய்தான். தெரிந்தே சொன்னேன். அந்த மனிதருக்கு என் விளக்கம் எதுவும் வேண்டாம், ஒரு செருப்பு போதும் என்று தெரிந்தது, சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கைடும் இன்ஜினை நிறுத்திவிட்டு முகம் வெளுத்துப்போய் அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

நான் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். மோட்டார் சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றது. குரல் கேட்கிறதா என்று பார்க்க நிறுத்துவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.   என்ன நேரம் போனதோ. செருப்பில் கால்விரல் பதிந்த பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

மோட்டார் மறுபடி உறுமியது. வந்தார். மீன் பின்னாலேயே விலகிப் போனவரைப் பனியில் கவனிக்காமல் படகு பையன்களோடு வந்துவிட்டதாம். டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாராம். உதடு கருத்து, பல் கிட்டி, உடம்பு வெடவெடவென்று ஆடியது. நான் அவர் முதுகில் நாலு அடி போட்டேன், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன?

படகுக்காரர் அந்த நீலச் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தார். "போட்டுக்குங்க சார்."

"இது என்..." என்று ஆரம்பித்தவரின் கையில் கிள்ளினேன். சொல்லியிருக்கலாம். அவருடையது இல்லை, இன்னொருத்தருடையது, மறுபடி போய்ப் பாருங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். என் ஆள் எனக்குக் கிடைத்துவிட்டார், இந்தத் திட்டை விட்டுப் போனால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், காலை நுழைத்துக்கொண்டார். அளவு சரியாக இருந்தது.

ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் ஜீப்பின் படி வரைக்கும் வந்தது. அக்கரையில் சிக்னல் கிடைத்ததும் கைடு முன் ஜீப்புக்குப் போன் போட்டார். நாலு பையன்களும் பத்திரம். ஏறியதாக அவர் பார்த்தது அந்த ஜீப் டிரைவரைத்தானாம். "எல்லாரும் வந்தாச்சு மேடம்" என்று மூன்று தடவை சொன்னார்.

வீட்டில் சூடாக இஞ்சி டீ குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"அந்தப் பையன் வந்துட்டானா?"

"எந்தப் பையன்?"

"டிரம்முக்கு அந்தப் பக்கம் புடிச்சிக்கிட்டிருந்தானே. பனியில ஆளு சரியாத் தெரியல. குழாயில மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நம்ம மூச்சுதானோன்னு நான் மூச்ச அடக்கிப் பாத்தேன். அப்பவும் கேட்டுச்சு. வேக வேகமா விட்டான், பாவம் பயந்துட்டான் போல. 'பயப்படாத தம்பி, செருப்பு கரையில இருக்குல்ல, படகு வரும்'னேன். அப்புறம் கொஞ்சம் அமைதியா விட்டான். படகுல என்னைத் தூக்கினதும் அவனையும் ஏத்துங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், பல்லு கிட்டிப் பேச்சே வரல. திரும்பிப் பாத்தா டிரம்மு மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்களில் ஏழு பேர்தான் செருப்பைத் தண்ணீர் ஓரத்தில் விட்டவர்கள். படகுக்காரர் எண்ணியது எட்டு. எங்களுக்கு முன்னால் யாரும் கால் வைக்காத மணல் அது. வாசலில் கழற்றி வைத்திருந்த நீலச் செருப்பை நான் போய்ப் பார்க்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது என்பது மட்டும் பொழுது முழுக்கத் தெரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடியலில் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் ஸ்கூட்டரில் போனோம். படகுக்காரர் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னதைச் சொன்னேன். வீட்டுக்காரர் டிரம்முக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சைச் சொன்னார்.

"தெரியும்மா" என்றார் படகுக்காரர். "செருப்ப வைக்கும்போதே பாத்தேன், சாரு கால்ல வார் தழும்பு வேற மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் திரும்பப் போனேன். வெளிச்சம் இருக்கற வரைக்கும் சுத்தினேன்."

"யாராச்சும்..."

"யாருமில்ல. இங்க எந்தக் குப்பத்துலயும் ஆளக் காணோம்னும் சொல்லல." வலையைக் கீழே வைத்தார். "ஆனா செருப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களேம்மா. செருப்பு இல்லாத கரையிலேருந்து எந்தப் படகு ஆளத் தேடித் திரும்பப் போவும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

எங்களை அவரே திட்டுக்கு அழைத்துப் போனார். சவுக்குக் கன்றுக்கடியில் பழுப்புச் செருப்பு ஒற்றையாக அப்படியே கிடந்தது. வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. பையிலிருந்து நீலச் செருப்பை எடுத்தார். பழக்கதோஷம், கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து இரண்டையும் ஒட்டி வைத்தார், கடலைப் பார்த்தபடி. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி குனிந்து கரையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஏறி வருகிறவன் அப்படியே மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்றார்.

"என்னை மன்னிச்சிடுப்பா" என்று நான் தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். படகுக்காரர் செருப்பை ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணு" என்றார். பிறகு எங்களைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, படகைத் தள்ளிக்கொண்டு டிரம் இருக்கும் பக்கமாகப் போனார்.