ஊசியா, பெருமாளா என்று கேட்டவன்

என் நண்பனின் ஊசி மருந்தை நிறுத்தச் சொன்னவன் நான். பெருமாளின் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொன்னேன். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இனியும் இதை மறைத்து, கிடைத்த அருளை மட்டும் உங்களிடம் சொன்னால் அது பாதி உண்மைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம், மார்கழி. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் திருச்சிக் கல்லூரிக்குப் போய்வந்தேன். பெரியசாமி மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன்; ஹாஸ்டலில் இருந்தான். பள்ளி நாளிலேயே அவனுக்கு நீரிழிவு. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, இன்சுலினைத் தினமும் தானே தொடையில் போட்டுக்கொள்வான். அளவாகச் சாப்பிடுவான். விடியலில் நடப்பான். எங்களுக்கு அதெல்லாம் கேலி. பஜ்ஜி, சிகரெட், சீட்டுக்கட்டு, இதுதான் எங்கள் வாலிபம்.

என் அப்பாவுக்கும் சர்க்கரை வியாதி. காலில் விரல்களை எடுத்திருந்தார்கள். அப்படியும் எந்த இனிப்பையும் ஒதுக்கமாட்டார். "இது வசதியானவாளுக்கு வர்ற வியாதிடா" என்பார். அந்தத் திமிர் எனக்கும் வந்திருந்தது.

ஒருநாள் கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் கொண்டுபோய் ஹாஸ்டல் வராந்தாவில் எல்லோருக்கும் கொடுத்தேன். பெரியசாமி விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"என்னடா, பிரசாதத்துக்கே பயமா?"

"பிரசாதத்துக்கு இல்லடா ஐயங்காரே, அதுல இருக்கிற வெல்லத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நம்பிக்கை இருந்தா வெல்லம் என்ன பண்ணும்? வைகுண்ட ஏகாதசி வரைக்கும் ஊசியை நிறுத்திப் பாரேன். நீ ஊசியை நம்பறியா, பெருமாளை நம்பறியா?"

"மாட்டிக்கிட்டான்டா பெரியசாமி!" என்று எவனோ கத்தினான்.

அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பொங்கலை வாங்கிக்கொண்டான். ஊசி இல்லாத ஒரு வாழ்க்கைக்கு அவன் எவ்வளவு ஏங்கியிருப்பான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளும் கொண்டுபோனேன். "தாகம் அடங்கலடா" என்றான். "பெருமாள் சோதிக்கிறார்" என்றேன். அதற்கு அடுத்த நாள் வாந்தி. மூச்சு இரைத்தது. பிறகு அவனுக்கு நினைவு தப்பியது. ஜட்கா வண்டியில் போட்டுப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மருந்து ஏற்றியும் அவனுக்குத் தெளியவில்லை. தினமும் ஊசி போடுகிற பையன் ஏன் இப்படி ஆனான் என்று டாக்டர் எங்களைக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அவன் அப்பா ஊரிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சீரங்கத்துப் புள்ளயாமே நீங்க. சாமிகிட்ட எடுத்துச் சொல்லுங்க தம்பி. உங்க சொல்லு அவருக்குக் கேக்கும்."

கோயிலுக்கு ஓடினேன். குழந்தையிலிருந்து மனப்பாடமான பாசுரம் ஒன்றும் நாவில் வரவில்லை. பள்ளிகொண்டவன் முன் நின்று அழுதேன். "அவனை எழுப்பு. உன் பேரைச் சொல்லி அவனைக் கெடுத்தவன் நான்." இதைத் தவிர வேறு பிரார்த்தனை எனக்கு வரவில்லை. அதைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது, இதை நான் சொல்லவேண்டிய இடம் சந்நிதி மட்டும் அல்ல என்று.

திரும்பிப் போய், அவன் அப்பா கேட்கும்படியே டாக்டரிடம் சொன்னேன்.

"ஊசியே போடலையா? நான் காய்ச்சலா, கிருமியான்னு தேடிட்டிருக்கேன்!" என்று உள்ளே ஓடினார் டாக்டர். அவன் அப்பா என்னைப் பார்க்காமல் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம் பெரியசாமி கண் திறந்தான். என்னைத் தேடினான்.

"ஐயங்காரே, உங்க பெருமாள் வந்தாருடா."

"எப்படிடா?"

"ஊசி வழியா."

அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் பிரார்த்தனைக்குப் பதில் அதுதான். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

டாக்டர் என் வீட்டைப் பற்றி விசாரித்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "இவனுக்கு வந்தது இவன் கையில இல்ல. உங்க அப்பாவுக்கு வந்தது உனக்கு வராம தடுக்கலாம், இல்ல தள்ளியாவது போடலாம். வயசு இருக்கறப்பவே ஆரம்பி" என்றார்.

அவன் அப்பாவின் காலில் விழுந்தேன். "இனி அவனத் தனியா விட்டுராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் என் பரிகாரம் ஆயிற்று. விடியலில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து நடப்பேன், அவன் திருச்சியிலிருந்து நடப்பான். காவிரிப் பாலத்தின் நடுவில் சந்திப்போம். அவனுக்குப் பொங்கலுக்குப் பதில் துளசி கொண்டுபோவேன். சிகரெட்டை விட்டேன். அவன் சாப்பிடுவதையே நானும் சாப்பிட்டேன். முதலில் கேலி செய்த பையன்கள் ஒவ்வொருவராக நடக்க வந்தார்கள். பரீட்சை நாளில்கூடப் பாலத்தில் எங்கள் கூட்டம் இருக்கும்.

படிப்பு முடிந்து அவன் துவாக்குடிப் பக்கம் வாத்தியார் ஆனான். கல்யாணம் செய்து, பேரன் பார்த்தான். கடைசி வருஷங்களில் கண் மங்கிவிட்டது. என் பொங்கலும் அதற்கு ஒரு காரணமோ என்று ஒருமுறை கேட்டேன். "பேசாம நடடா" என்று என் தோளில் கை வைத்தான். அந்தக் கையோடு பாலத்தைக் கடந்தோம்.

என் அண்ணனும் அப்பா வழியிலேயே சர்க்கரையில் போனான். என்னை அது இன்னும் தொடவில்லை. பெரியசாமியைக் காப்பாற்றுவதாக நினைத்து நடந்தேன். காப்பாற்றப்பட்டவன் நான்.

படிக்கிற பிள்ளைகளே, பெருமாளை நம்புங்கள். அவன் தந்த மருந்தையும் கால்களையும் சேர்த்தே நம்புங்கள். அடுத்தவன் கையில் பிரசாதம் வைக்குமுன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள். நாளை விடியலில் பாலத்துக்கு வாருங்கள். மெதுவாகத்தான் நடப்பேன், துளசி கொண்டுவருகிறேன்.